கயிற்றோடு கொடுத்தவன்

படத்தில் நிற்பவன் தன் புருஷன்தானா இல்லையா என்று ஒரு கண் பார்த்துவிட்டு வரத்தான் அன்னக்கொடி அன்று வெள்ளனே பூண்டு லாரியில் ஏறினாள். மற்றபடி அவளுக்குக் கோடைக்கானலில் ஒரு சோலியும் கிடையாது. ஏரியைப் பார்க்கவா, குதிரை ஏறவா? அதற்கென்றே கீழேயிருந்து குல்லா மாட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்களே, அவர்கள் போதாதா!

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் பொன்னுவேல். அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன். மேல்மலைப் போளூர்ப் பூண்டை வத்தலக்குண்டில் கொண்டுபோய் இறக்குகிற லாரியில் கிளீனர். ஆள் ஒல்லி, வாய் மட்டும் லாரிக்குள் அடங்காது. போன வாரம் வண்டி கோடைக்கானலில் மக்கர் பண்ணி நின்றபோது பொழுது போகாமல், பள்ளிக்கூடத்து அமெரிக்கா வாத்தியார் ஒருவர் வைத்துவிட்டுப் போன மாட்டு மியூசியத்துக்குள் நுழைந்திருக்கிறான். ஊர் திரும்பியவன் கை கால்கூடக் கழுவாமல் நேரே அவள் வாசலில் வந்து நின்றான்.

"மதினி, அடிச்சுச் சொல்றேன், அண்ணன்தான். பெரிய தொப்பி. கழுத்துல கைக்குட்டை. குதிரை மேல கையைப் போட்டுக்கிட்டு, சினிமாவுல வர்ற கௌபாய் கணக்கா நிக்கிறாரு!"

"ஏலே, சாராயம் கீராயம் குடிச்சியா?"

"எங்க ஆத்தா மேல சத்தியம். அந்தத் தோள்பட்டையை வேற எவன்கிட்டப் பாக்க முடியும்? ஒரு பக்கம் ஒசந்து, ஒரு பக்கம் சரிஞ்சு..."

அன்னக்கொடி சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள் அடுப்பில் கொதிக்கிற உலையில் அரிசி போட மறந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வற்றிப் பானை சுடுகிற வாடை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அவள் புருஷன் திருமலைச்சாமி மாடு ஓட்டுகிறவர். மலையூர்களில் விற்கிற மாடுகளைச் சேர்த்து, காட்டுப் பாதையில் நடத்தியே அய்யம்பாளையத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் இறக்கிக்கொண்டு போவார். சந்தையில் கைமாற்றிவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வருவார். அந்தக் கயிறுதான் முக்கியம். எங்கள் பக்கத்தில் மாட்டைக் கொடுப்பார்கள், மாட்டைக் கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டும். பழைய கயிறு வீடு திரும்பி, தொழுவத்து முளையில் தொங்க வேண்டும். கயிற்றோடு மாட்டைக் கொடுத்தவன் தொழுவத்தையே கொடுத்தவன், வீட்டையே தலைமுழுகினவன். கிறுக்கன்கூட அதைச் செய்யமாட்டான்.

ஓர் ஐப்பசியில், வீட்டுச் செவலைப் பசு ஒன்றை மட்டும் ஓட்டிக்கொண்டு அய்யம்பாளையம் போன திருமலைச்சாமி திரும்பி வரவில்லை. தேடிப் போனவர் ஊர்ப் பெரிய தலை சேனாதிபதி. அவர் வந்து சொன்னார்: "மாடு அங்கன ஒரு தோட்டத்துல நிக்கிது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நம்ம மலைக் கத்தாழைக் கயித்துலதான் கட்டிக் கெடக்கு. பய கயித்தோட குடுத்துட்டுப் போயிட்டான்."

அவ்வளவுதான், ஊருக்கு வேறு சாட்சி வேண்டுமா? வளையல்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கம்பம் பக்கம் போனான் என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கிறான் என்றார்கள். யாரும் கிணற்றில் தேடவில்லை, பள்ளத்தில் தேடவில்லை. கயிற்றோடு கொடுத்தவனை எதற்குத் தேடுவது? அன்னக்கொடியின் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட 'கயித்தோட குடுத்தவன் மகளா' என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்கினார்கள். எப்படியோ அவளை மன்னவனூரில் கட்டிக் கொடுத்தாயிற்று.

அன்னக்கொடியும் நம்பினாள். அவளுக்கு ஊரை விட வலுவான காரணம் இருந்தது. அவள் பிறந்த ஊர், பெரியகுளத்துப் பக்கம் மலைச் சரிவில் இருக்கிற அடுக்கம். ஒரு காளையைக் கைமாற்றியதில் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு முற்றி, 'இனி உங்க ஊர் மண்ணை மிதிச்சா நான் திருமலைச்சாமி இல்ல' என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். அந்த ஐப்பசியில் அவளுடைய அய்யா படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவள் கெஞ்சினாள். மனுஷன் அசையவில்லை. பசுவை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டவரின் முதுகைப் பார்த்து அவள் சொன்னாள்: "எங்க அய்யா மூஞ்சியில முழிக்க மாட்டாத ஆளு, என் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம். அப்படியே போயிரும்!"

அப்படியே போய்விட்டார். சொன்ன சொல்லைக் கேட்காத மனுஷன் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டாரே என்று பதினோரு வருஷமாக அவளுக்கு வயிறு எரிந்தது. என் வாயால்தான் போனாரா, இல்லை போக நினைத்தவருக்கு என் வாய் சாக்காகக் கிடைத்ததா? படத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தால் இதற்கு ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

லாரி ஏரிக்கு மேலே ஒரு திருப்பத்தில் அவளை இறக்கிவிட்டது. "சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன் மதினி. அண்ணன்தான்னா அவருக்கு எம் பேரைச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே பொன்னுவேல் பனிமூட்டமாக இறங்கியிருந்த மஞ்சுக்குள் மறைந்தான். படத்துக்குப் பேர் சொல்லச் சொல்கிறான், அவன் புத்தி அவ்வளவுதான்.

அன்றைக்கு மஞ்சு இறங்கியிருந்த இறக்கம் கொஞ்சமில்லை. ரோடு பத்தடிக்கு முன்னால் முடிந்துவிட்டது போலிருந்தது. நடக்க நடக்க மரம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்று வழிவிட்டது. எங்கோ கீழே ஏரியில் படகு தள்ளுகிற சத்தம் கேட்டது, ஏரியைக் காணோம். பழைய பங்களா ஒன்றின் பின்னால், குதிரை கட்டின லாயம்தான் மியூசியம். தகரக் கூரையில் மஞ்சு நீராகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் ஸ்வெட்டரின் மேல் முந்தானையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் சகாயராணி. வாத்தியார் ஹென்றி சாருக்குச் சமைத்துப் போட்டவள். அவர் வயசாகி ஊருக்குப் போன பிறகு மியூசியச் சாவி அவள் இடுப்பில்.

"வாங்கக்கா. டூரிஸ்டா?"

"என்னையப் பாத்தா டூரிஸ்ட் மாதிரியா தெரியுது? நான் போளூரு. ஒரு படம் பாக்க வந்தேன்."

"படமெல்லாம் உள்ள நெறைய இருக்கு. செருப்பைக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க."

அன்னக்கொடி கழற்றிவிட்டுத்தான் போனாள். அவளோடு கொஞ்சம் மஞ்சும் உள்ளே நுழைந்தது.

உள்ளே தோல் வாசம். எண்ணெய் போட்ட தோலும் பழைய வைக்கோலும் கலந்த, பாதி தொழுவம் பாதி செருப்புக் கடை போன்ற வாசம். முதல் அறை முழுக்க அமெரிக்கா. நாற்காலி மாதிரி முதுகு வைத்த சேணங்கள், பூட்ஸில் மாட்டுகிற முள்ளுச் சக்கரம், மாட்டின் தொடையில் எழுத்துப் போடுகிற சூட்டுக்கோல், சுவரில் வளையம் வளையமாகத் தொங்குகிற எறிகயிறு. ஹென்றி சாரின் அப்பன் பாட்டன் எல்லாருமே மாட்டுக்காரர்களாம். அந்த ஊரில் ஆயிரக்கணக்கான மாடுகளைக் குதிரை மேலிருந்து மாசக் கணக்கில் ஓட்டிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றிவிடுவார்களாம். சகாயராணி பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அப்ப கௌபாய்ங்கிறவன் சண்டைக்காரன் இல்லையா?" என்றாள் அன்னக்கொடி.

"அட, அதெல்லாம் சினிமாவுக்குக்கா. மாடு ஓட்டுறவங்கதான். மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, தூங்காம கொள்ளாம ஓட்டிட்டுப் போறவங்க."

"எங்க வீட்டுக்காரரு சோலிதான்."

"அப்படியா?"

"ஓட்டிட்டுப் போறாகளே, எல்லாரும் வீடு திரும்புவாகளா?"

சகாயராணிக்குப் பாடத்தில் இது இல்லை. "சில பேரு வருவாங்க. சில பேரு அங்கங்கயே தங்கிருவாங்கன்னு சார் சொல்லுவாரு" என்றாள். சொல்லிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு வெளியே போனாள்.

படம் அறையின் கோடியில், சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆள் உயரத்துக்குப் பாதி உயரம். அன்னக்கொடி அதன் முன்னால் போய் நின்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, பொன்னுவேல் பொய் சொல்லவில்லை. அதே தோள்தான். அதே மாதிரி ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்கிற நிலை. தொப்பி நிழலில் முகம் பாதி மறைந்து கிடந்தது. தெரிந்த பாதியில் ஒரு சிரிப்பு இருந்தது. பின்னால் மரமே இல்லாத புல்வெளி. மலை இல்லை, பள்ளம் இல்லை, பார்க்கப் பார்க்கப் புல். அந்தப் புல் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சன்னலுக்கு வெளியே வெள்ளை, படத்துக்குள் வெள்ளை வானம். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மாடுகள் அந்தப் புல்லில் தலை குனிந்து மேய்வது தெரிந்தது. செவலைகள், மயிலைகள், கொம்பு சுழன்ற மலைமாடுகள். அவர் நடுவில் நடந்து போகிறார். ஹை, ஹை என்று நாக்கைத் தட்டுகிறார். அந்தச் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏன்யா," என்றாள் அவள், படத்தைப் பார்த்து, மெதுவாக. "நல்லா இருக்கீரா? குதிரை கேக்குதோ உமக்கு? இங்கன ஒருத்தி ஊர் வாயை வாங்கிக் கட்டிக்கிட்டுக் கெடக்கா. நீரு தொப்பி போட்டுப் படம் புடிச்சுக்கிட்டு நிக்கிறீரு. கோவத்துல சொன்னா போயிர்றதா? ஆயிரம் சண்டையில நான் சொன்னது எதைக் கேட்டீரு நீரு? இதை மட்டும் ஏன்யா கேட்டீரு?"

திட்டத் திட்ட அவளுக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஆள் இருக்கிறார், எங்கோ புல்லில் இருக்கிறார், மாடு மேய்க்கிறார், சிரிக்கிறார். போகட்டும் சனியன், உயிரோடு இருந்தால் போதும். அப்படியே எவ்வளவு நேரம் நின்றாளோ.

"அது ஹென்றி சாரோட பெரியப்பாக்கா." சகாயராணி பின்னால் வந்து நின்றிருந்தாள். "எங்க அப்பாவே பிறக்குறதுக்கு முந்தி எடுத்த படமாம் அது."

அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தாள். காது வேறு. மூக்கு கிளி மூக்கு. கண்மணி பூனைக் கண் போல வெளுத்திருந்தது. இவரா? இவர் யாரோ வெள்ளைக்காரத் தாத்தா. அட, பொன்னுவேலைச் சொல்லிக் குற்றமில்லை, பாவி மனசு பார்த்த பார்வை அப்படி.

அவள் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் நின்றவனாவது எங்கோ உயிரோடு இருந்தான், இப்போது அவனும் இல்லை. சகாயராணி பார்த்தாள். கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். "இருங்கக்கா, டீ போட்டுக் கொண்டாரேன். இது நம்ம மலைச் சாமானுக இருக்கிற ரூமு. சார் நம்ம ஊரு மாட்டுக்காரங்க கிட்ட ஆசைப்பட்டு வாங்கிச் சேர்த்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்னக்கொடி எதையும் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தகரத்தில் நீர் சொட்டுகிற சத்தம். காற்று வந்தால் கழுத்து மணிகள் சில, தூக்கத்தில் மாடு தலையை ஆட்டுகிற மாதிரி ஒலித்தன. தோளில் என்னவோ உரசியது. கயிறு. முளையில் தொங்குகிற கயிற்றின் நுனி. தொழுவத்தில் நிற்கிற நினைப்பில் அவள் கை தானாக அதைப் பிடித்து, முறுக்கு வழியே கீழே இறங்கியது. கை மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது.

கண்ணைத் திறந்தாள்.

அன்னக்கொடி பீச்சாங்கைக்காரி. ஊரில் எல்லாரும் திரிக்கிற கயிறு ஒரு பக்கமாக முறுக்கு ஏறும். அவள் திரித்தால் எதிர்ப்பக்கம் ஓடும். போளூரிலும் அடுக்கத்திலும் அவள் ஒருத்திதான் அப்படி. "உன் கயிறும் உன்னைய மாதிரிதாண்டி. எதுக்கெடுத்தாலும் எதுத்துக்கிட்டே ஓடும்" என்று திருமலைச்சாமி கேலி பண்ணுவார். கேலி பண்ணுவாரே தவிர, வீட்டு மாட்டுக்கு வேறு கயிறு போடமாட்டார். கழுத்தில் உறுத்தாமலிருக்கப் பழைய சேலைக் கிழிசலை நாரோடு சேர்த்துத் திரிப்பாள் அவள். இந்தக் கயிற்றிலும் கழுத்துப் பக்கத்தில் துணி ஓடியிருந்தது. நிறம் போய்விட்டது. நகத்தால் பிரித்துப் பார்த்தபோது, முறுக்குக்கு உள்ளே ஒளிந்திருந்த இடத்தில் சிவப்பும் அதில் ஒரு வெள்ளைப் பொட்டும் தெரிந்தன. மகள் பிறந்தபோது அய்யா எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை அது.

சகாயராணி டீயோடு வந்தபோது அவள் பெஞ்சில் இல்லை. கயிற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இது எங்கன கெடைச்சுது?"

"என்னக்கா ஆச்சு?"

"இந்தக் கயிறு தாயி. இதை யாரு குடுத்தது? எங்கன கெடைச்சுது? வெரசாச் சொல்லு."

சகாயராணி டீயைக் கீழே வைத்தாள். "யாரும் குடுக்கலக்கா. சாரே எடுத்துட்டு வந்தது. அவருக்கு நடைப் பைத்தியம். பெரியகுளம் வரைக்கும் பழைய பாதையில இறங்கி ஏறுவாரு. அப்படி வர்றப்ப, அடுக்கத்துக்குக் கீழ ஒரு ஓடையில, பாறை இடுக்குல சிக்கிக் கெடந்துச்சாம். வெள்ளம் வடிஞ்சிருந்த நேரம். மறுபடி மழை பிடிச்சுக்கிட்டதுனால ஊருக்குள்ளகூடப் போகாம நேரா மேல ஏறி வந்துட்டாரு. யாரோ மாட்டுக்காரரு தவற விட்டுட்டாருன்னு நெனைச்சோம். நான்தான் அடுப்பு மேல கட்டிக் காயப்போட்டேன்."

"அடுக்கத்துக்குக் கீழயா? நெசமாவா?"

"ஆமாக்கா. சார் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரே."

"என்னிக்கு?"

"எம் மகன் சர்ச்சுல புதுநன்மை வாங்கின வருஷம், பதினோரு வருஷம் ஆச்சு. ஆகஸ்டுல சலேத் மாதா திருவிழா முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். ஏரி நெறஞ்சு ரோட்டுல தண்ணி ஓடுச்சே, அந்த மழைக்கா."

அந்த மழைதான். அந்த ஐப்பசிதான். செவலையை அவர் ஓட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள் பிடித்த மழை, வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்றே, மறக்குமா?

"எப்படிக் கெடந்துச்சு? அவிழ்ந்து நீளமாக் கெடந்துச்சா?"

"இல்லக்கா. வட்டம் வட்டமாச் சுத்தி, நடுவுல இறுக்கி முடிச்சுப் போட்டிருந்துச்சு. தண்ணியில ஊறி முடிச்சு ஏறிக்கிச்சு. நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத்தான் அவிழ்த்தோம்."

அன்னக்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டை விற்றவன்தான் கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டுவான். வீட்டுக்குக் கொண்டு வருவதற்காகக் கட்டுவான். சேனாதிபதி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தது எவனோ சந்தையில் வாங்கி மாட்டின மலைக்கயிறு. முறுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தப் பெரிய மனுஷனுக்குப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கச் சொல்லி அனுப்ப இவளுக்கும் ரோஷம் விடவில்லை. திருமலைச்சாமி மாட்டைக் கொடுத்தார், கயிற்றைக் கொடுக்கவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார். அதுவும் எந்த வழியாக? அய்யம்பாளையத்திலிருந்து மலை ஏறினால் அடுக்கம் எங்கே, போளூர் எங்கே! பஸ் பிடித்துப் பெரியகுளம் போய், அங்கிருந்து காலால் ஏறினால்தான் அடுக்கத்துப் பாதை வரும். மிதிக்கமாட்டேன் என்ற மண்ணுக்கு, படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்க்க, அந்த மழையில் ஏறியிருக்கிறார். ஒரே ஓர் ஓடை தாண்டினால் ஊர்.

"எங்க அய்யாவைப் பாக்கப் போயிருக்காரு," என்றாள் அன்னக்கொடி. அவள் முகம் விரிந்துகொண்டே போனது. "பாத்துட்டு வந்து என் மூஞ்சியில முழிக்கலாம்னு... ஆத்தாடி! நான் சொன்னதுக்குப் போகல தாயி. நான் கேட்டதுக்குப் போயிருக்காரு!"

சகாயராணிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்னக்கொடி விட்டு விட்டுச் சொன்னாள். அய்யாவின் படுக்கை, சண்டை, கயிறு, சேனாதிபதி, மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. சொல்லும்போது பாதி சிரிப்பு. சகாயராணிதான் முதலில் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "நீ ஏன் தாயி அழுகுற?" என்று கேட்ட அன்னக்கொடிக்கு அப்போதுதான் அந்த ஓடை கண்ணுக்குள் வந்தது. பழுப்பு வெள்ளம், பாறை இடுக்கு, அதில் சிக்கின கயிறு. இடுப்பில் கட்டின கயிறு தனியாக வந்திருக்கிறது. அப்படியென்றால் இடுப்பு எங்கே?

அதன் பிறகு அவள் அழுத அழுகையை என்ன சொல்ல? பதினோரு வருஷம் அழ உரிமையில்லாமல் வைத்திருந்தது. ஓடிப்போனவனுக்கு யார் ஒப்பாரி வைப்பார்கள்? தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கயிற்றை மடியில் கிடத்திக்கொண்டு, மாடு ஓட்டின ராசாவே என்று அவள் எடுத்த குரலில் முன்னறையில் சேணம் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரக் குடும்பம் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறியது. சகாயராணி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் வழக்கப்படி இறந்தவருக்கு ஒரு ஜெபம் சொன்னாள். ஒப்பாரியும் ஜெபமும் கலந்து அந்த லாயத்துக்குள் வெகு நேரம் சுற்றின. மஞ்சு சன்னல் வழியே வந்து இரண்டு பேரையும் மூடிக்கொண்டு நின்றது.

அழுது ஓய்ந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அன்னக்கொடி அதையும் குடித்தாள்.

"கயித்தை எடுத்துட்டுப் போங்கக்கா," என்றாள் சகாயராணி.

"உன்னையக் கேக்க மாட்டாகளா?"

"கேட்டா, ஆளு வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுவேன். சார் இருந்தா அவரே உங்க ஊர் வரைக்கும் கொண்டாந்து குடுத்திருப்பாரு. அவருக்கு மாட்டுக்காரங்கன்னா உசிரு."

அன்னக்கொடி கயிற்றை வட்டம் வட்டமாகச் சுருட்டினாள். நடுவில் முடிச்சுப் போட்டு, சேலைக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பொம்பளை இடுப்பில் மாட்டுக்கயிறு என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

லாரி வந்து நின்றபோது வெயில் கொஞ்சம் முகம் காட்டியிருந்தது. பொன்னுவேல் குதித்து இறங்கி ஓடி வந்தான்.

"என்ன மதினி, அண்ணன்தானே? நான்தான் சொன்னேன்ல?"

"அவரு இல்லடா."

"அட, நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டேன். உங்க அண்ணன் ஓடிப் போகலடா பொன்னுவேலு!" அவள் பல் தெரியச் சிரித்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதியை அவள் இப்படித்தான் ஊருக்குச் சொன்னாள். "அவரு செத்துப் போயிட்டாருடா. வீட்டுக்கு வர்ற வழியில செத்துப் போயிட்டாரு."

பொன்னுவேல் அவள் இடுப்பைப் பார்த்தான். கயிற்றின் முறுக்கைப் பார்த்தான். மலையில் பிறந்த பயலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கம்பத்துக் கதையை ஊரில் வாய் கூசாமல் பாதிக்கு மேல் பரப்பினவன் அவன்தான். கடைசியில் அவள் நெற்றியைப் பார்த்து, பார்த்த கண்ணை வெடுக்கென்று கீழே போட்டுக்கொண்டான்.

"மதினி... அப்ப இனிமே... பொட்டு..."

"தெரியும்டா. இத்தனை வருஷமும் ஓடிப்போனவன் பொண்டாட்டியாத்தான் இதை வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அழிக்க மாட்டேன்னா சொன்னேன்? நாளைக்கு அழிச்சுக்கிறேன்." அவள் லாரிப் படியில் கால் வைத்தாள். "என்னைய வீட்டு வாசல்ல இறக்கிவிட வேணாம். ஊர் முகப்புலயே இறக்கிவிடு. இன்னிக்கு ஒருநாள் அவரு பொண்டாட்டியா ஊருக்குள்ள நடந்து போறேன்."